கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுக்கும் முறை

ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம் கலந்த நிலத்தடி நீரைச் சோதிக்கப் போகும்போது, சுத்தமான கிணற்றில்தான் தொடங்குவேன். குரோமியத்தால் தண்ணீர் மஞ்சளான கிணறு கடைசியில்தான். பெய்லரை, அதாவது கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் மொள்ளும் குழாயை, எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

மூடியைத் திறந்ததும் நீர்மட்டத்தை அளந்துவிடுங்கள். இறைக்கத் தொடங்கிவிட்டால் அந்த அளவு கிடைக்காது. அப்புறம், கிணற்றுக் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 100 மி.மீ. குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 7.9 லிட்டர் நிற்கும். 10 மீட்டர் தண்ணீர் இருந்தால் 79 லிட்டர். அதைப் போல மூன்று மடங்கு இறைக்க வேண்டும். வெயிலில் கை ஓய்ந்துபோகும். ஆனாலும் பிஎச்சும் மின்கடத்துதிறனும் அடுத்தடுத்து மூன்று முறை நிலையாக நிற்கும் வரை பாட்டிலைத் தொடமாட்டேன்.

பெய்லரை மெல்ல இறக்குங்கள். தொப்பென்று விட்டால் அடிவண்டல் கலங்கிவிடும்.

கரைந்த உலோகங்களுக்கான தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, பிஎச் 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். நச்சு அதிகமுள்ள வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான பாட்டிலில் மட்டும் அந்த அமிலம் ஒரு சொட்டும் கூடாது. அமிலத்தில் அது நச்சு குறைந்த மூன்று இணைதிறனாக மாறிவிடும். கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அறிக்கை வரும். ஒருமுறை உடன் வந்த தம்பி எல்லாப் பாட்டிலிலும் அமிலம் விட்டுவிட்டான். எட்டுக் கிணற்றையும் மறுநாள் திரும்ப இறைத்தோம். பக்கத்துத் தோட்டத்தில் அதே தண்ணீரை மாடு குடித்துக்கொண்டிருந்தது, எங்களுக்கு வேறு வழியில்லை.

லேபிளை பாட்டில் காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.