கப்பல் சான்றிதழா, யாட் சான்றிதழா? ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

‘கப்பலையே ஓட்டுகிறவருக்குப் படகு எம்மாத்திரம்?’ என்று கேட்பவர்கள் நிறைய. கப்பல் அதிகாரியின் தொழில்முறைச் சான்றிதழும், யாட் என்ற உல்லாசப் படகை ஓட்டுவதற்கான பொழுதுபோக்குச் சான்றிதழும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படி என்ற நினைப்பு அது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சரக்குக் கப்பலில் பத்து வருடம் இருந்த அதிகாரி முதல்முறை பாய்மரப் படகின் சுக்கானைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். பின்காற்று பாயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டால், அடிக்கட்டையான பூம் படகின் குறுக்கே ஒரே வீச்சில் பாயும். குனியாதவர் மண்டை உடையும். கப்பல் தேர்வுகள் இதற்கு அவரைத் தயார்செய்வதில்லை. அதேபோல, சரக்கை எப்படி ஏற்றினால் கப்பல் சாயாது என்பது யாட்காரர் படிக்கும் பாடமல்ல. மோதலைத் தவிர்க்கும் 1972-ஆம் ஆண்டு விதிகள் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

அடுத்து, கடல் அனுபவத்தை வெறும் எண்ணாகப் பார்ப்பது. கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, மொத்த டன்னேஜ் (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் எண்) 500-உம் அதற்கு மேலும் உள்ள கப்பலில், முறை வைத்துக் கப்பலோட்டத்தைக் கவனிக்கும் காவல் அதிகாரியாக, அங்கீகரித்த பயிற்சியோடு 12 மாதக் கடல் சேவை வேண்டும். அந்தப் பயிற்சி இல்லையென்றால் 36 மாதம். பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்ஒய்ஏ, யாட் ஓட்டுபவர்களுக்கு நடத்தும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு 50 நாள், 2,500 கடல் மைல். சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் அதில் ஐந்து நாளாவது படகின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றிருக்க வேண்டும். கப்பலில் பயிற்சி பெறுபவர் அந்த 12 மாதமும் இன்னொருவர் கண்காணிப்பில்தான் இருப்பார். எது பெரிது என்று கேட்பதே வீண் என்பேன்.

பணம் வந்தால் கணக்கு மாறும். யாட்மாஸ்டர் கையில் இருப்பதால் மட்டும் கட்டணப் பயணிகளை ஏற்றிவிட முடியாது. மருத்துவச் சான்று, உயிர்காப்புப் பயிற்சி எல்லாம் காட்டி வணிக ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் 24 மீட்டர் வரையிலான படகு, 12 பயணிகள் என்று வரம்பு உண்டு. யாட்மாஸ்டருக்குக் காலாவதி கிடையாது, ஆனால் இந்த ஒப்புதல் ஐந்து வருடத்துக்குத்தான். கப்பல் அதிகாரியும் தன் சான்றிதழை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். கரையேறிப் பல வருடமானவர் அதைக் காட்டிக் கப்பலில் வேலைக்குப் போக முடியாது.

அப்புறம் ஐசிசி என்ற சர்வதேசத் திறன் சான்றிதழ். பெயரில் ‘சர்வதேச’ என்று இருப்பதால் உலகம் முழுக்கச் செல்லும் உரிமம் என்று நம்பி ஏமாறுகிறார்கள். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத் தீர்மானம் 40-இலிருந்து வந்த, உல்லாசப் படகுக்கான திறன் சான்று அது. ஐரோப்பாவின் உள்நாட்டு ஆறுகளிலும் கால்வாய்களிலும் அதைக் காட்ட வேண்டுமானால் செவ்னி எனப்படும் ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து விதிகளில் தனித் தேர்வு எழுதி, அந்தக் குறிப்பும் அதில் ஏறியிருக்க வேண்டும்.