அனுமதிக் கேச்சில் பயனரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது

ஒரு பயனர் ஒரு கோப்பைப் படிக்கலாமா, மாற்றலாமா, இயக்கலாமா என்று சர்வரிடம் கேட்கும் ‘ஆக்சஸ்’ அழைப்பு, 1995-இல் வெளிவந்த என்எஃப்எஸ் (வேறொரு கணினியிலுள்ள கோப்புகளை வலையமைப்பு வழியே பயன்படுத்தும் நெறிமுறை) மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கேட்பது வேகத்தைக் கெடுக்கும் என்பதால் கிளையன்ட் (கோப்பைக் கேட்கும் கணினி) அந்த விடையைக் கேச்சில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்கிறது. அந்த விடை யாருக்குரியது என்று தவறாகக் குறித்தால், ஒருவருக்குக் கிடைத்த அனுமதி மற்றொருவருக்குப் போய்விடும்.

இத்தகைய கேச்சை எழுதும்போது பயனர் எண் மட்டும் போதாது. லினக்ஸில் கோப்பு அனுமதியைத் தீர்மானிப்பவை எஃப்எஸ்யூஐடி (கோப்பு அணுகலுக்கான பயனர் எண்), எஃப்எஸ்ஜிஐடி (அதற்கான குழு எண்), பயனர் சேர்ந்துள்ள துணைக் குழுக்களின் பட்டியல் ஆகிய மூன்றும் என்பதால், கேச்சில் தேடும்போது இம்மூன்றின் மதிப்புகளையும் ஒப்பிட வேண்டும். குழுப் பட்டியலை வரிசைப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள்.

இம்மதிப்புகளைக் கர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி) சேர்த்து வைத்திருக்கும் ‘கிரெட்’ அமைப்பின் நினைவக முகவரியை ஒப்பிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் கர்னலிடம் அனுமதியைக் கேட்க, அதே பெயருள்ள ‘ஆக்சஸ்’ என்னும் சிஸ்டம் கால் ஒன்றை ஒரு நிரல் பயன்படுத்தும்போது, உண்மையான பயனர் எண்ணைக் கொண்டு சோதிப்பதற்காகக் கர்னல் தற்காலிகக் கிரெட் ஒன்றை உருவாக்கக்கூடும். பயனர் அவரேயானாலும் முகவரி புதிது, ஆகவே கேச்சில் இருக்கும் விடை கிடைக்காது. லினக்ஸ் 5.0-இல் மதிப்புகளை ஒப்பிடும் முறை வந்தபோதும், கேச் கிரெட்டைப் பிடித்து வைத்திருந்தது. அதனால் அதனுடன் இணைந்த சாவிகளும் (கர்னல் பயனருக்காக வைத்திருக்கும் ரகசியத் தகவல்கள்) விடுபடாமல், ஒரு பயனர் எத்தனை சாவிகள் வைத்திருக்கலாம் என்ற ஒதுக்கீட்டைத் தின்றன. பின்னர் கிரெட்டை விட்டுவிட்டு மேற்சொன்ன மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்.

இனிக் கடினமான பகுதி. கிளையன்ட் பயனர் எண்ணையும் குழு எண்களையும் தானே சர்வருக்குச் சொல்லும் ஆத்சிஸ் முறையில் 16 துணைக் குழுக்களை மட்டுமே அனுப்ப முடியும் என்பதால், பல சர்வர்கள் மேனேஜ்-ஜிட்ஸ் விருப்பத்தை இயக்கிக் குழுக்களைத் தாமே தேடிக்கொள்கின்றன. பயனரை மறையீட்டுச் சான்றால் உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறையிலும் குழுக்களை சர்வரே தேடுகிறது. சர்வரில் ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தால் கோப்பின் பண்புகள் மாறுவதில்லை, கிளையன்ட் அறிந்த மூன்று மதிப்புகளும் மாறாமல் இருக்கலாம்; ஆகவே பழைய மறுப்பு கேச்சில் அப்படியே நிற்கும். வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும் என்றே பயனர் எதிர்பார்ப்பார், அது நியாயமான எதிர்பார்ப்பு. அதை நிறைவேற்ற, கோப்பைக் கேட்கும் செயல்முறையிலிருந்து, அதே அடையாளம் நீடிக்கும் வரை தாய்ச் செயல்முறைகளின் (அதைத் தொடங்கிவைத்தவற்றின்) வழியே மேலே சென்று, கடைசியாகக் கிடைக்கும் செயல்முறை தொடங்கிய நேரத்தை நுழைந்த நேரமாகக் கொண்டு, அதற்கு முன் பதிந்த விடையை ஒதுக்கிவிட்டு சர்வரிடம் மறுபடி கேளுங்கள்.

சோதனைக்கு, மேனேஜ்-ஜிட்ஸ் இல்லாத, ஆத்சிஸ் முறையிலான சர்வரில் உரிமையாளரைத் தவிர ஒரு குழுவுக்கு மட்டும் திறந்த, 0770 அனுமதியுள்ள அடைவு ஒன்றை வையுங்கள். ஒரு முனையத்தில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் பயனரைக் கிளையன்டில் அக்குழுவில் சேர்த்து, இரண்டாம் முனையத்தில் அவரையே புதிதாக நுழையச் செய்து அடைவைப் பட்டியலிடுங்கள். உடனே முதல் முனையத்திலும் பட்டியலிட்டுப் பாருங்கள்: அங்கே மறுப்பு வர வேண்டும். பட்டியல் வந்தால் உங்கள் கேச் குழுப் பட்டியலை ஒப்பிடவில்லை.