கொழும்பில் பால், முட்டை, நெய் இல்லாத இனிப்பு தேடுவது எப்படி? வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சாள் வீகன். பால், தயிர், நெய், முட்டை, தேன் ஒன்றும் தொடமாட்டாள், ஆனால் இனிப்பு இல்லாமல் இருக்கவும் மாட்டாள். கிளிநொச்சியில் நின்றவரை பிரச்சினை இல்லை. பயற்றம் பணியாரம், எள்ளுப்பாகு, பனங்காய்ப் பணியாரம் என்று வீட்டிலேயே சமாளித்தோம். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் தேட வேண்டி வந்தது. அங்கே அலைந்து பிடித்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வேலை, வீகன் சாப்பாடு கிடைக்கிற கடைகளைக் காட்டுகிற ஹாப்பிகௌ செயலியைப் போனில் போடுங்கள். சாப்பாட்டுக்கடை தேட அது நல்லது. இனிப்புக்கு மட்டும் அதை நம்பவேண்டாம், ஏனென்றால் பெரும்பாலும் அதில் வருவது கொழும்பு 7 பக்கத்துக் கபேக்கள், அங்கே ஒரு துண்டு கேக்குக்குக் கொடுக்கிற காசுக்கு வெள்ளவத்தையில் ஒரு குடும்பமே வயிறு நிறையச் சாப்பிடலாம். 'வீகன்' என்று பலகை போட்ட கடையைத் தேடுவதைவிட, எப்போதுமே தேங்காய்ப்பாலிலும் பாணியிலும் செய்கிற பலகாரத்தைத் தேடுவதுதான் என் கட்சி.

இரண்டாவது, எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொண்டு போங்கள். தொதல் அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரைதான், கஜு போட்டிருப்பார்கள், பயப்படாமல் வாங்கலாம். எள்ளுருண்டை, உளுந்துமாவில் சுட்டுக் கித்துள் பாணியில் ஊறவைக்கிற பாணி வளையல், குரக்கன்மாவில் அவிக்கிற ஹலப்ப எல்லாம் சரி. கொக்கிஸை மட்டும் கேட்டு வாங்குங்கள், சிலர் மாவுக்குள் முட்டை அடிப்பார்கள். அலுவாவிலும் பால் போட்ட வகை ஒன்று இருக்கிறது. வட்டலப்பம் முழுக்க முட்டை, பால் ரொபி பெயரிலேயே பால், அவற்றின் பக்கமே போகவேண்டாம். மஸ்கற் நெய்யிலும் செய்வார்கள், தேங்காய் எண்ணெயிலும் செய்வார்கள், கடைக்குக் கடை மாறும்.

இவற்றை ஒரே இடத்தில் பார்க்க பத்தரமுல்லை ஹெல போஜுன் உணவகம் நல்லது. எங்கட கிளிநொச்சி அம்மாச்சி உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, அதே மாதிரிப் பெண்கள் நின்று கண்முன்னே செய்து தருகிற இடம். லவாரியா செய்கிற அக்காவின் பக்கத்தில் கொஞ்சநேரம் நில்லுங்கள். இடியப்பத்தை மெல்லிசாகப் பிழிந்து, நடுவில் பாணியில் கிண்டிய தேங்காய்ப்பூ ஒரு கரண்டி வைத்து, பாதியாக மடித்து ஓரத்தை விரலால் அழுத்தி அவிக்க வைப்பார். உள்ளே என்ன போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை. காலையிலேயே போங்கள், பின்னேரம் போனால் தட்டு வெறுமையாக இருக்கும்.

இனி மூன்றாவது, ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கடையில் "வெஜிடேரியனா?" என்று கேட்காதீர்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சைவக்கடைகளில் லட்டு, மைசூர்ப்பாகு, கேசரி எல்லாவற்றிலும் நெய் தாராளமாக இருக்கும், அவர்களுக்கு அது சைவம்தான், பொய் சொல்லவில்லை. அடுத்தது முட்டையில்லாக் கேக். முட்டையை எடுத்த இடத்தில் கேக் பொங்கி மென்மையாக வருவதற்காக அனேகமானோர் ரின்பால் (பேணியில் வருகிற இனிப்புக் கட்டிப்பால்) ஊற்றுவார்கள், அதோடு பட்டரும் சேரும். ஒரு கடையில் "முட்டையே இல்லை தங்கச்சி, தைரியமாகச் சாப்பிடுங்கோ" என்று எடுத்துத் தந்த கேக்கில் இரண்டுமே இருந்தது, பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கிடந்ததை மச்சாள்தான் வாசித்துச் சொன்னாள்.

"பால் போட்டதோ?" என்று மொட்டையாகக் கேட்டாலும் சரிவராது, தேங்காய்ப்பாலை நினைத்து ஓம் என்றுவிடுவார்கள், நல்ல தொதலை விட்டுவிட்டு வருவீர்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணை, பசுப்பால், பால்மா, ரின்பால், நெய், பட்டர், முட்டை ஏதும் சேர்த்ததோ?" சிங்களக் கடையென்றால் "எலகிரி, பட்டர், பித்தர தானவாத?" என்றால் போதும். "நே, பொல் கிரி" என்று பதில் வந்தால் வாங்குங்கள், அது தேங்காய்ப்பால். கடைக்காரர் யோசித்து இழுத்தால் பேசாமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குளிராக ஏதாவது வேண்டுமென்றால் ஜெலாட்டோ விற்கிற கடைகளில் பழச் சோர்பே இருக்கிறதா என்று கேட்கலாம். அது பழமும் சீனியும் தண்ணீரும்தான், ஆனாலும் பால் சேர்க்கவில்லையே என்று ஒருதரம் உறுதிப்படுத்துங்கள், கரண்டியையும் கழுவி எடுக்கச் சொல்லுங்கள். பலூடா வேண்டாம், பாலில்தான் கலக்கிறார்கள். பழக்கலவை கேட்டால் மேலே ஐஸ்கிரீம் வைத்தே நீட்டுவார்கள், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடவேணும்.

பிறகு சேர்த்தது: இதை வாசித்த ஒருவர் எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. முட்டை ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில் பணியாரமும் பொரிக்கிற கடைகள் உண்டு. கடுமையாகப் பார்க்கிறவர்கள் பொரித்ததை விட்டு அவித்ததையும் கிண்டியதையும் எடுங்கள். இன்னொருவர் பாணி என்றால் தேனா என்று கேட்டார். கித்துள் பாணி மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, தேனீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. ஹலப்பவையும் லவாரியாவையும் அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள், தேங்காய்ப்பூ இரவு பஸ்ஸில் வவுனியா தாண்டுவதற்குள் பழுதாகிவிடும். தொதல், எள்ளுருண்டை, அலுவா ஆகியவற்றைப் பயணம் புறப்படுகிற அன்று பின்னேரம் வாங்கினால் போதும், வீட்டுக்கு வந்தும் நாலைந்து நாள் தாங்கும்.