பாலியல், உறவு குறித்த ஆய்வில் கலந்துகொள்ளும் முன்…

பாலியல், உறவு பற்றிய ஆய்வுக்கு அழைப்பு வந்தால், கேள்விகளைப் பார்ப்பதற்கு முன் ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள். யார் நடத்துகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு (ஆய்வு பங்கேற்பவர்களைப் பாதிக்காதா என்று பார்க்கும் குழு) அனுமதித்தது, யாரைத் தொடர்புகொள்வது என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 'பெயரில்லாமல்' என்பதும் 'ரகசியமாக' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் பதில் யாருடையது என்பது ஆய்வாளருக்கே தெரியாது. இரண்டாவதில் அவருக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டார். பெயரில்லாத ஆய்வில் பதிலை அனுப்பிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் உங்களுடையதைத் தேடி நீக்க முடியாது. அதனால் யோசிப்பதை அனுப்பும் முன்பே யோசித்துவிடுங்கள். பெயர் கேட்கவில்லையே என்று சொந்த வார்த்தையில் எழுதும் பதில்களில் ஊர், வேலை, துணையின் பெயர் எல்லாம் எழுதிவிடாதீர்கள்; அவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாம், பாதியில் நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்வதென்றால் உள்ளதைச் சொல்லுங்கள். நல்லவராகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் 'நல்ல பிள்ளை' பதில்கள்தான் இந்தத் துறையின் பழைய தலைவலி.

தம்பதியாகக் கலந்துகொண்டால் தனித்தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் முடித்ததும் உலாவியின் வரலாற்றை அழித்துவிடுங்கள்.

அந்தரங்கப் படம் அனுப்பச் சொன்னாலோ, பதிவுக் கட்டணம் கேட்டாலோ அங்கேயே வெளியேறுங்கள். பழைய காயத்தைக் கிளறும் கேள்விகளும் வரலாம். நல்ல ஆய்வென்றால் படிவத்திலேயே ஆலோசனை உதவிக்கான விவரம் இருக்கும், அதைத் தொடங்கும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.