ரிலீஸ் தேதி நெருங்கும்போது எதை வெட்டுவது?

ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) புராஜெக்ட் நடத்துகிற எல்லாருக்கும் வரும் குழப்பம்தான்: சொன்ன தேதியில் வெளியிடுவதா, பயனர் தடுமாறாத அளவுக்குச் சரியான பிறகு வெளியிடுவதா? தேதியைத் தொடாதீர்கள், புதிய அம்சங்களை வெட்டுங்கள் என்பதுதான் என் பதில். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் புதிய வேலைகளைச் சேர்க்க முதல் 2 வாரம்தான், அப்புறம் வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வைத்துப் பிழைகளைத் திருத்தி, மொத்தம் 9 அல்லது 10 வாரத்தில் வெளியிட்டுவிடுகிறார்கள். அடுத்தது எப்போது என்று தெரிந்தால் அரைகுறை வேலையை அவசரமாகத் திணிக்கும் ஆசை குறையும்.

வெளியீட்டுக்கு 4 வாரம் முன்பே திரைகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். பட்டன், மெனு, அதிலுள்ள சொற்கள் எதிலும் அதன் பிறகு கை வைக்கக் கூடாது; உள்ளே பிழை திருத்துவது தொடரட்டும். மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த இடைவெளி ரொம்ப முக்கியம், கடைசி நாளில் ஒரு வரியை மாற்றினால் மற்ற எல்லா மொழியிலும் அந்த இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும்.

இந்த 4 வாரத்துக்குள், புராஜெக்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை உட்கார வைத்து, "இந்தப் படத்தைச் சின்னதாக்கிச் சேமியுங்கள்" என்று ஒரே ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பட்டன் கண்ணெதிரே இருக்கும், அவரோ கோப்பு மெனுவை மூன்றாவது முறையாகத் திறந்து மூடுவார், பார்க்கிற நமக்கு மனசு பதறும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராஷுக்கு ஒட்டுகிற அதே பிளாக்கர் லேபிளை (இதைத் திருத்தாமல் வெளியிடக் கூடாது என்ற குறி) அதற்கும் ஒட்டுங்கள். 'சிறு குறை' என்று பதிந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரிசெய்ய நேரமில்லையா, அந்த அம்சத்தை மறைத்துவிட்டு வெளியிடுங்கள். தேதியைத் தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் எத்தனை வாரம் என்று முன்கூட்டியே சொல்லி ஒரே முறை தள்ளுங்கள். 6 மாதத்துக்கு ஒரு பதிப்பு என்றிருக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமே 2006 ஏப்ரலில் வர வேண்டியதை 6 வாரம் என்று சொல்லித் தள்ளி, ஜூன் 1 அன்று வெளியிட்டது.

பதிப்பு எண்ணிலும் கவனம் வேண்டும். 2008 ஜனவரியில் லினக்ஸுக்கான டெஸ்க்டாப் சூழலான கேடிஇயின் 4.0 பதிப்பு வந்தபோது, இது இன்னும் எல்லாருக்குமானது இல்லை என்று டெவலப்பர்கள் சொல்லியும், எண்ணை நம்பி நிறுவிய பலர் நொந்துபோனார்கள். தயாராகாததற்கு பீட்டா என்றே பெயர் வையுங்கள்.