அம்புக்குறியை 'க்கு' என்று படியுங்கள்

மலேசியாவின் நிபோங் திபாலில் மாலை நேரப் பிரத்தியேக வகுப்பு எடுக்கிறேன். இரண்டாம் படிவப் பிள்ளைகள். உணவுச் சங்கிலி என்றதும், "இது ஈஸி டீச்சர், தமிழ்ப்பள்ளியிலேயே படிச்சாச்சு" என்பார்கள். சரி என்று பலகையில் செம்பனை (எண்ணெய்ப்பனை), எலி, கூகை (ஆந்தை) என மூன்றையும் எழுதி அம்புக்குறி போடச் சொல்வேன். பாதிப் பேர் கூகையிலிருந்து எலியை நோக்கி அம்பு விடுவார்கள்.

இதைக் கவனக்குறைவு என்று நினைத்துப் பல வருடம் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, கோளாறு என் கேள்வியில் இருக்கிறது. 'எது எதைத் தின்னும்?' என்று கேட்டால் பிள்ளைக்கு வரும் பதில் 'கூகை எலியைத் தின்னும்' என்பது. தமிழில் தின்பது முதலில் வருகிறது; மலாயிலும் அப்படித்தான். வாக்கியத்தில் இருக்கும் வரிசையைப் பிள்ளை அப்படியே வரைந்துவிடுகிறது. போதாததற்கு, அம்பு என்றால் வேட்டையாடுபவன் கையிலிருந்துதானே கிளம்பும்!

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: 'இந்தச் சக்தி அடுத்து யாருக்கு?' செம்பனை எலிக்கு. எலி கூகைக்கு. அம்புக்குறி வரும் இடத்தில் எல்லாம் 'க்கு' என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். நான்காம் வேற்றுமை அறிவியல் வகுப்புக்கும் உதவும் என்று என் தமிழாசிரியர் சொல்லித்தரவில்லை.

அடுத்த தவறு நாம் வைத்திருக்கும் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. தாவரத்தை 'உற்பத்தியாளர்' என்கிறோம். உடனே பிள்ளைகள் 'செடி சக்தியை உற்பத்தி செய்கிறது' என்று எழுதுகிறார்கள். செடி உண்டாக்குவது உணவை. சக்தி சூரியனிடமிருந்து வந்தது. ஒளியாக வந்ததை இலை சர்க்கரைக்குள் இரசாயனச் சக்தியாக அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் இங்கே உண்டு. "அப்பா வேலை செய்யும் தொழிற்சாலை பொருளைச் செய்கிறது, மின்சாரத்தையுமா அதுவே செய்கிறது?" என்று கேட்டால் போதும், பிடித்துக்கொள்வார்கள். காளானை உற்பத்தியாளர் பட்டியலில் சேர்ப்பதும் இந்த இடத்தில்தான் நடக்கும். மண்ணில் முளைப்பதெல்லாம் செடி அல்ல என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இனி அந்தப் புகழ்பெற்ற 10 சதவீதம். 10,000 கிலோஜூல் செடியில் இருந்தால் அடுத்த நிலைக்கு 1,000, அதற்கடுத்து 100. தேர்வுக் கணக்குக்கு இது சரி. இயற்கையின் சட்டம் என்று சொல்லித்தருவதுதான் தவறு. இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். அவருடைய கட்டுரை 1942-இல் அச்சில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 26 வயதில் இறந்துபோனார். அவர் ஆராய்ந்த மினசோட்டா ஏரியிலேயே தாவரத்திலிருந்து தாவரவுண்ணிக்குப் போனது ஏறத்தாழ 13 சதவீதம், அதற்கடுத்த நிலைக்கு ஏறத்தாழ 22. 10 என்பது கைக்கு வசதியான முழு எண். இன்னொன்று, சூரிய ஒளிக்கும் செடிக்கும் நடுவே இந்த 10-ஐப் போடக்கூடாது. இலையில் விழும் ஒளியில் சுமார் ஒரு சதவீதம் உணவாக நின்றாலே பெரிய விஷயம்.

'மீதி 90 எங்கே போனது?' என்று கேட்டால் வரும் பதில், 'கழிவாப் போயிடுச்சு' அல்லது 'அழிஞ்சிடுச்சு'. நான் கோபித்துக்கொள்வதில்லை, 'இழப்பு' என்ற சொல்லைப் பலகையில் எழுதியதே நாம்தான். சக்தி அழியாது. கொஞ்சம் உண்ணப்படாமலே விடப்படுகிறது, கொஞ்சம் சாணமாக வெளியேறுகிறது, பெரும்பகுதி ஓடவும் மூச்சுவிடவும் செலவாகி வெப்பமாக வெளியே போகிறது. ஒருநாள் ஒரு பையனிடம், "கழுத்தில் கையை வை, எப்படி இருக்கு?" என்றேன். "சூடா இருக்கு டீச்சர்." "காலையில் என்ன சாப்பிட்ட?" "நாசி லெமாக்." "அதுதான் அந்தச் சூடு." அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியில் மதிப்பெண் விட்டதில்லை. எலியும் நம்மைப் போலவே உடம்பைச் சூடாக வைத்திருக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பாம்பு வெயிலில் குளிர்காய்ந்துகொண்டு ஓர் எலியோடு பல நாள் ஓட்டிவிடும்.

குவளைக்குக் குவளை தண்ணீர் ஊற்றிக் காட்டும் விளையாட்டு பல வகுப்புகளில் நடக்கிறது. கைமாறும்போது சிந்துவதுதான் இழப்பு என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுவதால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. சக்தி பெரும்பாலும் எலி உயிரோடு இருந்த காலத்திலேயே செலவாகிவிட்டது; கூகை பிடித்த நொடியில் அல்ல.

இதைவிட முரட்டுத் தவறு, 'சிதைப்பிகள் (செத்ததை மக்க வைக்கும் கிருமி, காளான்) சக்தியை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன' என்பது. திரும்புவது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் மட்டும். இதற்கு நான் மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் உணவகத்துக்குப் போகிறேன். தே தாரிக் ஆற்றுவதைப் பாருங்கள்: ஒரே தேநீர்தான் இரண்டு குவளைக்கும் நடுவே போய்ப்போய் வருகிறது. சூடு அப்படி வருவதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் காற்றோடு போய்விடுகிறது. தேநீர் சத்து, சூடு சக்தி. செம்பனை ஆலை அருகில் வீடு உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். பழம் உதிர்த்த வெறும் குலைகளைக் குவித்து மக்க வைத்தால், காலை நேரத்தில் குவியலிலிருந்து ஆவி எழும். கிருமிகள் விட்ட வெப்பம் அது. அதைப் பிடித்து மறுபடி மரத்துக்குள் வைக்க வழியில்லை.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகள் 'ஆற்றல்', 'நுகர்வோர்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நம் சக்தியும் பயனீட்டாளரும்தான் அவை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

சிங்கம், மான், புல் வேண்டாம். இங்கே எந்தப் பிள்ளை சிங்கத்தைத் தெருவில் பார்த்தது? பல தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைக்கு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள், கம்பத்தின் மேலே. ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 140 செம்பனை மரங்கள் நிற்கும்; பெட்டியோ பல ஹெக்டேருக்கு ஒன்று. தாத்தா தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண், விடுமுறையில் போய் வந்து கேட்டாள்: "ஏன் டீச்சர் அவ்வளவு கொஞ்சமாப் பெட்டி வைக்கிறாங்க?" பதில் சொல்லாமல் சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்தேன். 10,000-இல் தொடங்கி, ஒவ்வொரு 'க்கு'-க்கும் ஒரு சுழியம் அழித்துக்கொண்டே போனாள். கூகையிடம் வந்தபோது கையில் 100 இருந்தது.