நெஞ்சுச்சளியும் கல்ச்சர் கணக்கும்: நாம் விடும் பிழைகள்

"பிள்ளை, சளி வரேல்லை, துப்பல்தான் வருது" என்று ஒரு ஐயா போத்தலை நீட்டினார். அடியில் நுரையோடு கொஞ்சம் எச்சில். மல்லாவிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர். பாவம் என்று அதை வாங்கி வைத்தால், அவருடைய நியூமோனியாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதைக் கல்ச்சர் போட்டால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், வாயில் வழக்கமாக வாழும் கிருமிகள்தான் முளைக்கும். அவற்றுக்கும் யாராவது மருந்துத்தட்டு (மருந்தூறிய சிறு வட்டத்தாள்) வைத்துப் பார்த்தால், அந்த விடை ஆண்டு முடிவில் 'எந்த அன்ரிபயோட்டிக் இங்கே வேலை செய்யாது' என்ற கணக்கிலும் ஏறிவிடும்.

வன்னியில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிப்பதில் நான் முதலில் சொல்லும் பிழை இதுதான். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று, "காறித் துப்பாதேங்கோ ஐயா, நல்லா மூச்செடுத்து நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடுங்கோ" என்று சொல்லிக்கொடுங்கள். காலையில் எழுந்ததும் எடுக்கும் சளி நல்லது. ஆய்வுகூடத்திலும் கல்ச்சர் போடுமுன் கிராம் சாயமிட்டு (கிருமியும் கலங்களும் தெரிய இடும் நிறம்), நுணுக்குக்காட்டியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஒரு புலத்தில் வாய்த்தோல் கலங்கள் 10க்குக் குறைவாகவும் சீழ்க் கலங்கள் 25க்கு மேலும் இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்தது. இல்லாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். கேட்க மனம் வராதுதான், ஆனால் கேட்க வேண்டும்.

அடுத்தது, மருந்து தொடங்கிய பிறகு சளி எடுப்பது. மூன்று நாள் அமொக்சிசிலின் குடித்தவரின் சளியில், நியூமோனியாவைத் தரும் முக்கிய கிருமியான நியூமோகொக்கஸ் செத்திருக்கும். அந்த மருந்துக்கு அசையாத கிளெப்சியெல்லா போன்ற வேறு கிருமிகள் மிஞ்சியிருக்கும். அவை நோயைத் தந்தவையாக இருக்க வேண்டும் என்றில்லை. முதல் ஊசிக்கு முன் சளி எடுங்கள். ஆனால் கடும் நோயாளிக்குச் சளிக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. ஏற்கெனவே குளிசை போட்டவர் என்றால் பெயரைப் படிவத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாதென்பார்கள். மருந்து உறையைக் கொண்டுவரச் சொன்னால் போதும்.

அப்புறம் நேரமும் வெக்கையும். சளி இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர வேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து வரும் போத்தல் வாகனம் பார்த்து மத்தியான வெயிலில் காத்திருந்தால், நியூமோகொக்கஸ் தானாகவே சிதைந்துபோகும், வாய்க்கிருமிகள் பெருகும். தாமதம் நிச்சயம் என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள், எடுத்த நேரத்தை எழுதுங்கள்.

ஆய்வுகூடத்துக்குள் நடப்பவற்றில் என்னை அதிகம் வருத்துவது ஒக்சசிலின் மருந்துத்தட்டு. நியூமோகொக்கஸுக்குப் பெனிசிலின் தட்டை நம்ப முடியாது; அதற்காகத்தான் 1 மைக்ரோகிராம் ஒக்சசிலின் வைக்கிறோம். மருந்துத்தட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத வளையம் 20 மில்லிமீற்றர் அல்லது மேல் என்றால் பெனிசிலின் கேட்கும். 19 அல்லது கீழே என்றால் உடனே 'எதிர்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. அதற்கு இன்னும் பார்க்க வேண்டும் என்பதே பொருள், எம்.ஐ.சி, அதாவது கிருமியை வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவை அளக்க வேண்டும். சி.எல்.எஸ்.ஐ என்ற அமெரிக்க ஆய்வுகூடத் தரநிலை நிறுவனத்தின் அட்டவணைப்படி, எம்.ஐ.சி 1 (மில்லிலீற்றருக்கு மைக்ரோகிராம்) உள்ள கிருமி நியூமோனியாவுக்கு ஊசிப் பெனிசிலினில் கேட்கும். அதே கிருமி மூளைக்காய்ச்சலில் எதிர்ப்பாகக் கணக்காகும், ஏனென்றால் அங்கே எல்லை 0.06. எந்த நோய் என்று குறிக்காமல் ஒரே நிரலில் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இரத்தம் சேர்க்காத முல்லர்-ஹின்டன் வளர்ப்புத்தட்டில் நியூமோகொக்கஸைச் சோதிப்பதும், ஹீமோபிலஸ் என்ற கிருமி முளைக்கத் தேவையான சொக்லேட் ஏகார் (சூடாக்கிய இரத்தம் சேர்த்த வளர்ப்பு ஊடகம்) வைக்காமல் 'எங்களிடம் ஹீமோபிலஸ் இல்லை' என்று எழுதுவதும் இதே வகைதான்.

எங்கள் மண்ணுக்குரிய ஒன்று மெலியோய்டோசிஸ், மண்ணிலும் சேற்றிலும் வாழும் பேர்க்கோல்டேரியா என்ற கிருமி தரும் நோய். காலபோக வயலில் சேற்றில் நின்றவர், அதோடு சலரோகமும் உள்ளவர், மாரியில் நியூமோனியாவோடு வந்தால் இதை நினைக்க வேண்டும். சளியில் முளைக்கும் பேர்க்கோல்டேரியாவை 'ஏதோ சூடோமோனாஸ்' (அதைப் போலத் தெரியும் வேறு கிருமி) என்று ஒதுக்கிவிடுவது உயிரோடு விளையாடுவது. ஒக்சிடேஸ் என்ற நொதியச் சோதனை நேர், ஜென்டமைசினும் கொலிஸ்டினும் கேட்காது, கோ-அமொக்சிகிளேவ் கேட்கும்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வளர்ப்புத்தட்டை மூடிவிட்டு நுண்ணுயிரியல் வைத்தியருக்கும் வாட்டுக்கும் தொலைபேசி எடுங்கள். தட்டை மோந்து பார்க்கவே கூடாது, பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ச் சோதனைக்கும் தனியாகச் சளி போகட்டும்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் எண்ணும்போது சறுக்கலாம். தொய்வுள்ள ஒருவர் ஒரு மாரிக்குள் நாலு தடவை அனுமதியாகி, நாலு தடவையும் அதே கிருமி வந்தால் அது நாலு அல்ல, ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் தொடங்கிய, கிளாஸ் எனப்படும் உலகளாவிய மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பிலும் ஒரு காலப்பகுதியில் ஒரு நோயாளி, ஒரு வகை மாதிரி, ஒரு கிருமி என்றால் முதலாவது மட்டுமே கணக்கு. மருந்து கேட்காதவர்களுக்கு மட்டும் கல்ச்சர் அனுப்பினால் எதிர்ப்பு ஊரில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். அதைப் படிவத்தில் குறித்தாவது வையுங்கள். எண்ணிக்கை 30க்குக் கீழே என்றால் வீதம் போட வேண்டாம். எட்டுப் பேரில் மூவர் என்று அப்படியே எழுதி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலின் கணக்கையும் சேர்த்த பிறகு வீதத்தைப் பார்க்கலாம்.